கேட்பவருக்கு மட்டும் அறிவுரை: பின்தொடர்ந்து கவனிக்கும் மோட்டார் சைக்கிள் பயிற்சி குறித்து ஒரு மதிப்புரை

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் நான்கு பேர் கூடினால் தீராத வழக்கு ஒன்று எழும். இன்னொருவர் ஓட்டும் முறையில் குறை தெரிகிறது. அவர் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அப்படியிருக்க அதைச் சொல்லலாமா, கூடாதா என்பதே அந்த வழக்கு. சொல்லாமல் விட்டு நாளை அவர் விழுந்து அடிபட்டால் மனம் உறுத்தாதா என்று ஒரு சாரார் கேட்பார்கள். இத்தனை காலம் ஓட்டியவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று முகம் சுளிப்பவரிடம் சொல்லி என்ன பயன் என்று மறு சாரார் கேட்பார்கள். நான் அண்மையில் பெற்ற ஒரு பயிற்சிச் சேவையை மதிப்பிடும்போது இந்த வழக்கைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. பிறர் கேளாமலே இலவசமாக வழங்கும் ஒன்றை, கேட்டு வருபவருக்கு மட்டும் முறைப்படி வழங்குவதே அந்தச் சேவையின் தொழில்.

சேவை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முறையாகத் தேர்ச்சி பெற்ற கவனிப்பாளர் ஒருவர், பொதுச் சாலையில் நம் வண்டிக்குப் பின்னால் தம் வண்டியில் வருகிறார். நாம் ஓட்டுவதைப் பார்க்கிறார். வண்டியை நிறுத்திய பிறகு பார்த்ததைப் பற்றி நம்மோடு பேசுகிறார். பிரிட்டனில் 1956இல் தொடங்கப்பட்டு இப்போது ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பும், அந்நாட்டுக் காவல்துறை நடத்தும் பைக்சேஃப் திட்டமும் இவ்வகைப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை. அமெரிக்காவில் 1973இல் உருவான மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷனின் அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் மூடிய மைதானத்தில் நடப்பது. பின்தொடர்தல் முறையோ நாம் அன்றாடம் ஓட்டும் சாலையிலேயே நடக்கிறது. நான் சேர்ந்தது இம்முறையைப் பின்பற்றும் ஒரு சிறிய குழுவில். அதன் குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வகைச் சேவையை எங்கே பெற நினைப்பவரும் எதை எதிர்பார்க்கலாம், எதை வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

புறப்படுவதற்கு முன் நடந்த உரையாடலிலேயே இச்சேவையின் தரம் தெரிந்துவிட்டது. எவ்வளவு காலமாக ஓட்டுகிறீர்கள், எந்த வண்டி, உடலில் பழைய காயமோ வலியோ உண்டா என்ற கேள்விகளுக்குப் பிறகு, "இன்று நான் எதைக் கவனித்துச் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கவனிப்பாளர் கேட்டார். விடை சொல்ல அவசரப்படுத்தவில்லை. பொதுவாக எல்லாவற்றையும் பாருங்கள் என்று சொல்ல முயன்ற என்னோடு பயிற்சிக்கு வந்தவரையும் விடவில்லை. ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். பார்வை மறையும் வளைவுகளுக்குள் நுழையும் வேகத்தைப் பற்றி நான் கேட்டேன். என்னோடு வந்தவர், என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், திடீர்த் தடை வந்தால் நிறுத்துவதைப் பற்றிக் கேட்டார். அதன் பிறகு டயர்களின் காற்றழுத்தம், செயினின் தொய்வு, விளக்குகள், பிரேக் நெம்புகோல்களின் இடைவெளி ஆகியவற்றை நாங்களே பார்க்க, அவர் அருகில் நின்றார்.

வழியில் எந்தச் சூழலில் மட்டும் குறுக்கிடுவார் என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டோம். வண்டியில் உடனடி ஆபத்து தெரிந்தால் ஹாரன் அடித்து ஓரமாக நிறுத்தச் சொல்வார். எங்களில் ஒருவர் மற்ற சாலைப் பயனாளியை ஆபத்துக்கு உள்ளாக்கினாலும் நிறுத்தச் சொல்வார். மற்றவை யாவும் இறங்கிய பிறகுதான். இந்த ஒப்பந்தம் எவ்வளவு மதிப்புள்ளது என்பது ஓட்டத் தொடங்கியபோது புரிந்தது. பின்னால் ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமே ஓட்டுபவரின் கவனத்தில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்கிறது. அவர் எந்த நொடியும் கையசைத்து ஏதாவது சொல்லக்கூடும் என்ற பதற்றமும் சேர்ந்தால், சாலையைப் பார்க்க மிஞ்சும் கவனம் மேலும் குறையும். சொல்ல மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்ததால் சற்று நேரத்தில் கண்ணாடியில் அவரைத் தேடுவதை விட்டுவிட்டுச் சாலையோடு இருந்தோம்.

முதல் நிறுத்தத்தில் அவர் தம் கருத்தைச் சொல்லவில்லை. எங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நான் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வளைவில் சாலையின் இரு ஓரங்களும் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தோன்றும் புள்ளியைப் பற்றிப் பேசினார். அந்தப் புள்ளி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் குறைய வேண்டும். நம்மைவிட்டு விலகத் தொடங்கினால் வளைவு விரிகிறது, ஆக்சிலரேட்டரை மெல்லத் திறக்கலாம். காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், நம் தடத்திலேயே நிற்க முடிகிற வேகந்தான் சரியான வேகம். இது புதிய கோட்பாடு அன்று; பிரிட்டன் காவல்துறை ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படும் தகவல், இடம், வேகம், கியர், முடுக்கம் என்ற வரிசைமுறையின் பகுதியாக நெடுங்காலமாக இருப்பது. ஆயினும் நான் கேட்ட கேள்விக்கு விடையாக, கேட்ட அன்றே, அதே சாலையில் வந்ததால் அது மனத்தில் தங்கியது. அடுத்த பகுதியில் வளைவுக்கு வளைவு அந்தப் புள்ளியைத் தேடுவதைத் தவிர வேறு வேலை எனக்கு இருக்கவில்லை. என் ஓட்டத்தில் வேறு குறைகளும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அவற்றை அன்று பேசாமல் வைத்துக்கொண்டதை அவருடைய தேர்ச்சியின் அடையாளமாகவே கருதுகிறேன்.

மூத்தவரிடம் நடந்துகொண்ட விதம் இன்னும் உயர்வானது. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும் என்று இளமையில் யாரோ சொன்னதை நம்பி, வாழ்நாள் முழுவதும் பின் பிரேக்கால் மட்டுமே வண்டியை நிறுத்தி வந்தவர் அவர். பின்னால் வந்த எவருக்கும் அது தெரிந்திருக்கும். பலர் அவரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள் என்று அவரே பிறகு சொன்னார். சொன்னவர்கள் மீது அவருக்கு மதிப்பு வரவில்லை, அவ்வளவுதான். கவனிப்பாளரோ, "ஐயா, நிறுத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு காலி இடத்தில் இரண்டு விதமாகவும் நிறுத்திப் பார்க்கலாமா?" என்றார். "பார்க்கலாம் தம்பி" என்று அவரும் இசைந்தார். மிதமான வேகத்தில் வந்து, ஒரே குறியிலிருந்து, முதலில் அவர் வழக்கப்படியும் பிறகு இரு பிரேக்குகளையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தியும் நிறுத்தச் சொன்னார். நின்ற இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு வேன் தாராளமாக நிற்கும். மூத்தவர் அந்தக் கோடுகளுக்கிடையே நடந்து பார்த்தார். கவனிப்பாளர் அப்போதும் வாய் திறக்கவில்லை. பிரேக் அழுத்தும்போது எடை முன் சக்கரத்துக்குப் போவதால் அங்கேதான் பிடிப்பு கூடுகிறது, பின் சக்கரம் லேசாகி எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்ற விளக்கத்தை, "ஏன் இப்படி?" என்று மூத்தவர் கேட்ட பிறகே சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வை நினைவுகூர்வது பொருத்தம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981இல் வெளிவந்த ஆய்வு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்விடத்துக்கே சென்று ஆராய்ந்தது. 3,600 காவல்துறை விபத்து அறிக்கைகளையும் பரிசீலித்தது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவே கற்றவர்கள் அல்லது குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள் என்று அது கண்டது. அவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை, விலகித் தப்பும் திறன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதும் அதன் முடிவுகள். விபத்தைத் தவிர்க்கச் சராசரி ஓட்டுநருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நொடிக்கும் குறைவு. நண்பர்கள் சொல்லித் தந்தது அந்த இரண்டு நொடியில் கைகொடுக்கவில்லை. அறிவுரைக்குப் பஞ்சமில்லாத கூட்டத்தில்தான் இந்த 92 விழுக்காட்டினரும் இருந்தார்கள் என்பதைக் கேளாமல் அறிவுரை சொல்ல விரும்பும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூத்தவரின் மனத்தில் பதிந்திருந்த முன் பிரேக் அச்சமும் யாரோ ஒருவர் அக்கறையோடு வழங்கிய அறிவுரைதான்.

நன்றாக ஓட்டுபவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்ற நம்பிக்கையும் ஆட்டங்காண வேண்டியதே. சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களில் வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள் ஓட்டுநர்களைக் கேட்டுப் பார்த்தார்; முதல் முறை கேட்டபோது எவரும் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று அவர் குறித்திருக்கிறார். இடப்பக்கம் திரும்ப, ஹாண்டில்பாரைக் கணநேரம் வலப்பக்கம் திருப்பி வண்டியை இடப்பக்கம் சாயவிட வேண்டும் என்பதை அவர்களுடைய கைகள் அறிந்திருந்தன, அவர்கள் அறிந்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும் என்று பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள் இன்றும் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். அதை நம்பிய புதியவர், வளைவு எதிர்பாராமல் இறுகும்போது திரும்ப வேண்டிய பக்கத்து ஹாண்டில்பாரை முன்னோக்கித் தள்ளாமல் உடம்பை மட்டும் சாய்த்துக்கொண்டு சாலையைவிட்டு வெளியே போகிறார். ஓட்டும் திறமையும் அதைப் பிரித்துச் சொல்லும் திறமையும் வேறு வேறு. நான் சந்தித்த கவனிப்பாளர் இரண்டாவதற்கும் தனியாகப் பயின்றவர் என்பது அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிந்தது.

நம் திறமையைப் பற்றி நமக்கே உள்ள மதிப்பீடும் நம்பத்தக்கதன்று. உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் திறமையில் தாம் மேல்பாதியில் இருப்பதாகக் கருதிய அமெரிக்க மாணவர்கள் 93 விழுக்காடு. சுவீடன் மாணவர்கள் 69 விழுக்காடு. இந்த மயக்கம் அறிவுரை சொல்பவரையும் கேட்பவரையும் ஒரே மாதிரி பிடிக்கிறது. சொல்பவர் தம்மை மேலாகக் கருதிச் சொல்கிறார். கேட்பவரும் தம்மை மேலாகக் கருதுவதால் அது காதில் ஏறுவதில்லை. இதற்கு மேல், சுதந்திரம் பறிக்கப்படுவதாக உணர்ந்தால் மனிதர்கள் எதிர்த்து நிற்பார்கள் என்பதை உளவியலாளர் ஜாக் பிரெம் 1966லேயே கோட்பாடாக வகுத்துவிட்டார். மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர்களில் கணிசமானோர் அந்தச் சுதந்திரத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், இங்கே எதிர்ப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்வது காதில் ஏறாத அறிவுரை அன்று, பாதி ஏறிய அறிவுரை. ஆய்வாளர்கள் அவ்ரகம் குளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996இல், பின்னூட்டம், அதாவது ஒருவர் செய்ததைப் பற்றி அவரிடமே சொல்லப்படும் கருத்து, பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அதன் பின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு, தன்னைப் பற்றிய எண்ணத்தை நோக்கி நகரும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இதனால் ஒரு மணி நேரம் வீணாகலாம். வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வளைவை நோக்கிப் போகும் ஒருவர், "நான் அவ்வளவு மோசமாகவா ஓட்டுகிறேன்?" என்ற எண்ணத்தோடு போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போதோ, புறப்படுவதற்காக ஹெல்மெட்டை மாட்டும்போதோ சொல்லப்படும் குறை எல்லாவற்றிலும் மோசமானது. கேட்டவருக்கு அதை அசைபோட இடமில்லை. ஓட்டிக்கொண்டேதான் அசைபோட வேண்டும்.

பின்னால் இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடுவதும் இல்லை. ஒருவர் வளைவுகளில் வண்டியை நிமிர்த்தியபடி மிக மெதுவாகப் போகிறார் என்றால், நேற்று மாட்டிய புது டயர் இன்னும் பழகவில்லை என்பதாக இருக்கலாம். மணிக்கட்டில் பழைய முறிவு இருக்கலாம். முன்னால் சாலையில் சிந்திக் கிடக்கும் டீசலை அவர் கண்டிருக்கலாம். பின்னால் இருப்பவர் கண்டிருக்க மாட்டார். இன்னும் கொஞ்சம் சாய்த்து ஓட்டுங்கள், நான் போகும் வழியிலேயே என் பின்னால் வாருங்கள் என்று அவரிடம் சொல்வது கேடு விளைவிக்கும் பேச்சு. வேகத்தைக் கூட்டச் சொல்லும் எந்த அறிவுரையையும் கேளாமல் வழங்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போனால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. அந்தக் கூடுதல் தூரத்துக்கு அறிவுரை சொன்னவர் பொறுப்பேற்க முடியாது.

அப்படியானால் எதையும் சொல்லாமல் இருப்பதே சரியா என்றால், இல்லை. இங்கேதான் கவனிப்பாளர் புறப்படும் முன் வகுத்த எல்லை எனக்குப் பெரிதும் பயன்பட்டது. சைடு ஸ்டாண்டு மடக்கப்படவில்லை, பின்விளக்கு எரியவில்லை, ஹெல்மெட் வார் பூட்டப்படவில்லை, பின் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, பையின் வார் செயினை நோக்கித் தொங்குகிறது, திரும்பிய பிறகும் இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்கிறது: இவற்றை முன்பின் தெரியாதவரிடமும் தயங்காமல் சொல்ல வேண்டும். இவை அவருடைய திறமையைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அவருக்குத் தெரியாத செய்திகள். விரல்களை விரித்து மூடிக் காட்டினால் இண்டிகேட்டரை நினைவூட்டியதாகும் என்பது குழுவாகச் செல்பவர்கள் பல நாடுகளில் அறிந்த சைகை. சாலையில் கிடக்கும் தடையைக் கையாலோ காலாலோ சுட்டுவதும் அப்படியே. இவற்றால் யாரும் மனம் நோவதில்லை.

பொறுப்பு இருக்கும் இடத்தில் பேசுவதும் வேறு கணக்கு. குழுப் பயணத்துக்குத் தலைமை தாங்குபவர், முன் வண்டியோடு இரண்டு நொடி இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு வருபவரிடம் பேசியே ஆக வேண்டும். அந்த இடைவெளி இல்லாமையால் விழப்போவது வேறொருவர். ஆனால் தனியாக அழைத்துப் பேச வேண்டும், குழுவின் முன்னால் அன்று. பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய உரிமை உண்டு. வேகத்தைக் குறை என்று அவர் சொல்வதை நான் அறிவுரையாகவே எண்ணவில்லை. அவருடைய உயிர் அந்த வண்டியில் இருக்கிறது. அவர் கேட்டால் குறைத்தே தீர வேண்டும். பெற்றோர் தம் பிள்ளைக்குச் சொல்வதும் இவ்வகையிலேயே சேரும், ஆயினும் அங்கேயும் நேரமும் தொனியும் பார்த்துச் சொன்னால் மட்டுமே பலன் உண்டு.

கடினமாக இருப்பது நண்பரின் விஷயம். அவர் நம் பொறுப்பில் இல்லை; ஆனால் அவர் விழுந்தால் நம்மால் தாங்க முடியாது. இதைப் பற்றி நான் கவனிப்பாளரிடமே கேட்டேன். "அனுமதி கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் உண்மையாகவே விட்டுவிடத் தயாராக இருந்தால்தான் கேளுங்கள்" என்றார். இன்று ஒன்றைப் பார்த்தேன், சொல்லலாமா என்று கேட்டு, அவர் சரி என்றால் பார்த்ததை மட்டும் சொல்வது அவருடைய வழி: "நீ வளைவை மோசமாக எடுக்கிறாய்" என்பதற்குப் பதிலாக, "மூன்றாவது வளைவில் உன் சக்கரம் நடுக்கோட்டுக்கு மேல் போனது, எதிரே லாரி வந்தது." இரண்டாவது வாக்கியத்தை மறுக்கவோ ஏற்கவோ நண்பருக்கு இடம் இருக்கிறது, அவரே காரணத்தைத் தேடவும் வழி இருக்கிறது. இதற்கும் இணங்காத நண்பரிடம் நான் செய்யக்கூடியது இவ்வகைப் பயிற்சிக்குச் சேர்ந்து போகலாமா என்று அழைப்பதே. நான் சொன்னால் நட்பு குறுக்கே நிற்கும். அறியாத ஒருவர், கேட்டபின் சொன்னால் நிற்காது.

இனி சேவையின் குறைகள். முதலாவது, அன்று மாலையே வந்த எழுத்து அறிக்கை. நாள் முழுவதும் ஒன்றை மட்டும் பேசிய கவனிப்பாளரின் பண்பு அந்த அறிக்கையில் இல்லை. நான் கேளாத தலைப்புகள் பலவற்றுக்கும் கட்டங்களில் மதிப்பெண் இடப்பட்டிருந்தது. சிலவற்றுக்கு விளக்கம் ஒரு சொல்கூட இல்லை. விளக்கமில்லாத மதிப்பெண்ணைப் பெறுபவர் அதை வைத்து எதையும் திருத்திக்கொள்ள முடியாது, வருத்தப்பட மட்டுமே முடியும். மூத்தவர் பிரேக்கைப் பற்றிப் பெற்ற மகிழ்ச்சியைக் கூட அந்தத் தாள் கொஞ்சம் குறைத்துவிட்டது. நிர்வாகத்துக்குப் பதிவு தேவை என்றால் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு அவர் கேட்டதற்கான விடையும், அடுத்து பழகுவதற்கு ஒரு பயிற்சியும் போதும்.

இரண்டாவது, கவனிப்பாளர்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வு. இவர்களில் பெரும்பாலோர் தம் நேரத்தைத் தருபவர்கள். அதற்கு நன்றி உண்டு. ஆனால் இடைவேளையில் எங்களோடு சேர்ந்துகொண்ட அதே குழுவின் இன்னொருவர், பயிற்சிக்கே வராத ஓர் இளைஞர் தம் வண்டியை நிறுத்தியதும், அவர் கிளட்ச் பிடிக்கும் விதம் தவறு என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் விளக்கத் தொடங்கினார். சொன்னது தொழில்நுட்ப அளவில் சரிதான். அந்த இளைஞர் தலையசைத்துவிட்டு, இயல்பைவிட வேகமாகப் புறப்பட்டுப் போனார். குழுவின் அடையாள உடையை அணிந்துகொண்டு இப்படிப் பேசுவது, இந்தச் சேவையை நாடி வரக்கூடிய ஒருவரை எப்போதைக்குமாக விரட்டுவதாகும். கவனிப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுடைய ஓட்டத்தைச் சோதிப்பதுபோலவே, வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆற்றலையும் சோதிக்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் புளூடூத் இன்டர்காம். விரும்பினால் அதன் வழியே ஓடும்போதே குறிப்புகள் பெறலாம் என்று ஒரு வாய்ப்பைத் தருகிறார்கள். கடைசிப் பகுதியில் சிறிது தூரம் அதைப் பயன்படுத்தினேன், பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல அது அருமையான கருவி. வளைவின் நடுவே, சாய்ந்திருக்கும் நிலையில் காதுக்குள் ஒரு குரல் வந்தால், அது எவ்வளவு கனிவான குரலாக இருந்தாலும், பார்வை போக வேண்டிய இடத்திலிருந்து ஒரு நொடி பின்வாங்குகிறது. ஓடும்போது அறிவுரை இல்லை என்ற தங்கள் முதல் ஒப்பந்தத்தையே இந்த வாய்ப்பு முறிக்கிறது என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

இவை போக, பயிற்சி முழுவதும் உலர்ந்த சாலையில், பகல் வெளிச்சத்தில் நடந்தது. மழையிலும் இரவிலும் ஓட்டுபவர்களுக்குத் தனி அமர்வு இருந்தால் நல்லது. ஒரு கவனிப்பாளருக்கு இரு ஓட்டுநர்கள் என்பதும் சற்று அதிகம். முன்னால் செல்பவரைப் பற்றி அவர் சொன்னது, நடுவில் சென்றவரைப் பற்றிச் சொன்னதைவிடக் குறைவாகவே இருந்தது.

இந்தக் குறைகளோடும் சேவையைப் பரிந்துரைக்கிறேன். உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆனவர்கள் முதலில் மைதானப் பயிற்சியை முடித்துவிட்டு வந்தால் பயன் கூடும். பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் எப்போது வந்தாலும் தகும். பதிவு செய்யும்போது மூன்றை வற்புறுத்திக் கேளுங்கள். உங்களுக்கென ஒரு கவனிப்பாளர் தனியாக வருவாரா? ஓட்டம் முடிந்ததும், கற்றதை உடனே செய்து பார்க்கக் காலி இடம் உண்டா? எழுத்து அறிக்கையை, நீங்கள் கேட்டவற்றோடு நிறுத்திக்கொள்ள இசைவார்களா? மூன்றாவதற்கு அவர்கள் தயங்கினால், அறிக்கையே வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் அடுத்த அமர்வுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.